உல்மத் தடியில் நான் எழுதிய எழுத்து

1

பிள்ளைகளே, உங்கள் சனசமூக நிலையத்துக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு "வெளிநாட்டிலை இருக்கிறதைப் பற்றி ஏதாவது எழுதுங்கோ மாமா" என்று நீங்கள் கேட்டு மூன்று மாதமாகிவிட்டது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பனியையும் ரயிலையும் பெரிய கட்டடங்களையும் பற்றி நான் எழுதுவதைவிட நல்ல படங்கள் உங்கள் கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றன. ஆகையால் சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் டோர்ட்மண்டில் என் வீட்டுச் சமையலறையில் கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

"டிக்" என்றது. அவ்வளவுதான். பல்லியின் சத்தத்தில் பாதிகூட இல்லை.

என் மகள் ஆரபிக்குப் பதினைந்து வயது. இங்கே பிறந்தவள். ஐந்து மாதமாக ஒரு வகுப்புக்குப் போய்த் தன் கையாலேயே மரத்தில் ஒரு வில் செய்திருந்தாள். வில் என்றதும் திருவிழாக் கடையில் விற்கும் மூங்கில் வில்லை நினைக்காதீர்கள். இது அவளுடைய உயரம் இருக்கும். இழுக்கும்போது உள்பக்கம் நெரிபடும், வெளிப்பக்கம் இழுபடும். மரம் அதைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் ஒரே வெடிப்பில் முறிந்து துண்டுகள் பறக்கும். முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் நாண் பிடித்த கை கன்னத்தில் இருக்கும், வில்லின் மேல்பாதி நெற்றிக்கு நேரே இருக்கும். எந்தப் பக்கம் பறக்குமென்று யாரும் சொல்ல முடியாது.

தாய்க்குக் காட்டுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று முக்கால்வாசி இழுத்தாள். அப்போதுதான் அந்த "டிக்".

"என்னடி அது?" என்றாள் என் மனைவி வசந்தி.

"ஒண்டுமில்லை அம்மா. நாண் தன்ரை வெட்டிலை இறுகுது" என்று சொல்லிவிட்டு ஆரபி வில்லை மேசையில் வைத்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அப்பா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ. நாளைக்குப் பத்து மணிக்குக் குடுக்கவேணும்."

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு. சொந்தமாகச் செய்த வில்லால் முதல் அம்பு விடுவதற்கும் உண்டு. மரத்தின் இனம் என்ற இடத்தில் நீல மையால் "மலை உல்ம" என்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எழுதியிருந்தாள். அதன் கீழே, இந்த வில் பாதுகாப்பானது என்று அறிந்தே என் பிள்ளையை அனுமதிக்கிறேன் என்ற வசனம். அதன் கீழே ஒரு கோடு. கோடு எனக்கு.

"கை ஈரமாக் கிடக்கு பிள்ளை. துடைச்சுப்போட்டு வாறன்" என்றேன். என் கை ஈரமாக இருக்கவில்லை. நான் நிலவறைக்கு இறங்கிப் போய் லைட்டைப் போடாமல் நின்றேன்.

2

நான் ஏன் அப்படி நின்றேன் என்று விளங்க வேண்டுமானால் உங்களுக்கு முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நகரத்துப் பூங்காக்களிலும் சுடலைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் மரம் வெட்டிப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். உல்ம என்ற மரம் நம் ஊரில் இல்லை. இங்கே அதில் மூன்று சாதி இருக்கிறது. டொச்சுப் பெயர்களை நம் பாஷையில் மாற்றினால் மலை உல்ம, வயல் உல்ம, படபடக்கும் உல்ம என்று வரும். மலை உல்மவின் இலை பெரிது, பராய் இலை மாதிரிச் சொரசொரப்பு. சில இலைகளின் நுனியில் மூன்று கூர் இருக்கும். காம்பு இருப்பதே தெரியாது, இலையின் அடிப்பாகம் ஒரு காதுபோல மடிந்து அதை மறைத்துவிடும். வயல் உல்மவின் இலை சின்னது, மேற்பக்கம் வழுவழுப்பு. மூன்றாவதற்கு இலையின் அடி ஒருபக்கம் மேலேயும் மறுபக்கம் நன்றாகக் கீழேயும் இருக்கும், தைக்கத் தெரியாதவன் வெட்டின சட்டைக் கழுத்து மாதிரி. அதன் காய்கள் நீண்ட காம்பில் தொங்கிக் காற்றில் படபடக்கும். பெயர் வந்தது அதனால்தான்.

வில்லுக்கு மலை உல்ம நல்லது. வயல் உல்மவும் பரவாயில்லை. படபடக்கும் உல்மவிலும் செய்யலாம், ஆனால் நல்ல அகலமாகச் செய்ய வேண்டும், மெதுவாக இழுக்க வேண்டும். மலை உல்மவின் அளவில் ஒடுக்கமாகச் செய்தால் நம்ப முடியாது. இதெல்லாம் ஆரபியின் வகுப்பை நடத்தும் லோமன் என்ற அம்மா சொன்னது. ஓய்வுபெற்ற தச்சுத் தொழிலாளி. சிரிக்கவே மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரே கிழமையில் இரண்டு உல்ம மரம் வெட்ட வந்தது. ஒன்று சுடலைச் சரிவில் நோய் வந்து வாடத் தொடங்கிய மரம். அதன் பட்டையை உரித்தால் உள்ளே வண்டு அரித்த கோடுகள், ஒரு பூரானைக் கல்லில் கீறியதுபோல, நடுவில் ஒன்றும் இரண்டு பக்கமும் கால்களுமாக. அந்த வண்டுதான் நோயைக் கொண்டுவருகிறது. இலையும் சொரசொரப்பு, நுனியில் கூர். மலை உல்ம, சந்தேகமில்லை. மற்றது வாய்க்கால் கரையில் புயலுக்குச் சாய்ந்தது. அதில் வண்டுக் கோடு ஒன்றும் இல்லை. படபடக்கும் உல்மவின் பட்டை அந்த வண்டுக்குப் பிடிக்காதாம். இலையைப் பார்த்தேன். தைக்கத் தெரியாதவன் வெட்டின கழுத்து.

ஆரபி அப்போதே வில், வில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் மேற்பார்வையாளர் ஸ்டெபானிடம் இரண்டிலும் ஒவ்வொரு கட்டை கேட்டேன். "எனக்குச் சரி. ஆனா சீட்டு வேணும்" என்றார். சீட்டுக்கு ஒரு தெர்மின் எடுக்க வேண்டும். தெர்மின் என்றால் அதிகாரியைச் சந்திக்க முன்கூட்டியே குறித்துத் தரும் நேரம். இங்கே அது இல்லாமல் சாகவும் முடியாது என்று நம்மவர்கள் பகிடி விடுவார்கள். அந்த அதிகாரி அறைக்குத் தன் நாயையும் கொண்டுவந்திருந்தார். பதற்றத்தில் அதிகாரிக்கு "நீ" என்றும் நாய்க்கு "நீங்கள்" என்றும் சொல்லிவிட்டேன். என்ன தேவைக்கு என்ற இடத்தில் "வில்" என்று எழுதினேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பிறகு "வில்" என்பதை வெட்டிவிட்டுக் "கைவேலை" என்று தானே எழுதிச் சீட்டைத் தந்தார். ஒரு கட்டாயம்: நோய் பரவாதபடி பட்டையை அங்கேயே உரித்துவிட்டு வர வேண்டும்.

உரித்தோம். கட்டைகளைப் பிளந்து, தொடையளவு தடித்த இரண்டு தடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டும் இளமரம், இரண்டும் வெளிறிய மஞ்சள். மரத்தின் அடையாள அட்டை இலையும் காயும் பட்டையும்தான். மூன்றையும் விட்டுவிட்டு வந்தாயிற்று. மிஞ்சியது, ஆரபி அன்று சாய்ந்த எழுத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு எழுத்து, டொச்சுப் பெயர்களின் முதல் எழுத்து: மலை உல்மவில் B, மற்றதில் F. நிலவறையில் காய வைத்தோம்.

3

போன புரட்டாசியில் நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசைக்கு வீட்டில் படிக்கிற புத்தகம், தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைப்பது உங்களுக்குத் தெரியும். என் சங்கிலி வாளும் தலைக்கவசமும் வருடா வருடம் அங்கேதான் இருக்கும். ஆரபியின் புத்தகங்கள் முன்பு மலைபோல இருக்கும். இப்போது அவள் ஒரே ஒரு புத்தகம் தருவாள், அதுவும் தனக்குப் பிடிக்காத பாடத்துடையது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் இரண்டு வருடமாக வருவதில்லை.

அந்தக் கிழமை அவள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போயிருந்தாள். போவதற்கு முதல்நாள் தாயிடம் சொன்னாள்: "என்ரை தடியளைச் சாமியறைக்குக் கொண்டுபோகாதேங்கோ அம்மா. அது காயவேணும். பிளீஸ்."

"சரி, சரி" என்றாள் வசந்தி. என்னிடமும் கேட்டாள். நானும் சரி என்றேன்.

பூசையன்று காலை வசந்தி சொன்னாள்: "இஞ்சருங்கோ, பிள்ளை விஜயதசமிக்குப் பிறகுதானே வில்லைத் தொடங்கப்போறாள். ஏடு தொடக்கிற நாள். அதையும் வைச்சு எடுத்தால் நல்லதல்லோ? அவளுக்கு ஆர் சொல்லப்போறது?"

"அவள் வேண்டாமெண்டவள்."

"அவள் எல்லாத்துக்கும் வேண்டாமெண்டுதான் சொல்லுறாள். கூர் வைச்ச சாமான் அது. கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கப்போற சாமான். நான் என்ரை பிள்ளைக்காக வைக்கிறன்."

நான்தான் நிலவறைக்குப் போய் இரண்டையும் தோளில் தூக்கிவந்தேன். அவளை மட்டும் குறை சொல்லக்கூடாது. குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் தடிகளைச் சுவரோடு சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

பூசைக்கு வைக்கிற சாமானை அழுக்கோடு வைக்கமாட்டோம், அது எங்கள் பழக்கம். பின்னேரம் நான் வந்து பார்த்தபோது இரண்டு தடியும் மஞ்சள் தண்ணீரில் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று விரல் விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. B இல்லை. F இல்லை.

"ஏதோ பென்சில் கிறுக்கல் கிடந்தது. தேய்ச்சு எடுத்திட்டன்" என்றாள் வசந்தி சந்தோசமாக.

4

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தடிகளை நிலவறைக்குக் கொண்டுபோனேன். விபூதியைத் துடைத்தேன். ஒன்றை ஒரு கையிலும் மற்றதை மறு கையிலுமாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று நல்ல பாரம். பாரமானது வைரம் பாய்ந்த மரம், மலை உல்மதான் வைரமானது என்று முடிவுகட்டினேன். வேலைப் பையிலிருந்த பென்சிலால் பாரமானதில் B என்றும் மற்றதில் F என்றும் எழுதினேன். எல்லாமாக ஐந்து நிமிடம்.

இதில் வெட்கம் என்னவென்றால், பாரம் வேறு, வைரம் வேறு என்பது எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும்.

அந்த வயதில் எங்கள் வளவில் பதுங்குகுழி வெட்டினார்கள். மேலே போட மரம் வேண்டும். முதிர்ந்த பனை கிடைக்கவில்லை. பக்கத்து வளவில் ஒரு வடலியைவிடக் கொஞ்சம் பெரிய பனை விழுந்து கிடந்தது. நாலு பேர் சேர்ந்தும் தூக்க ஏலாத பாரம். "பாரத்தைப் பார், இது தாங்கும்" என்று ஐயா சொன்னார். குறுக்கே போட்டு மண்மூட்டை அடுக்கினோம். ஷெல் வருகிற நேரம் எட்டுப் பேர் அதற்குள் இருந்திருக்கிறோம். மாரி தொடங்கி மூன்றாம் நாள், பகல் நேரம், எல்லோரும் வெளியே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த மரம் நடுவே மடிந்து கூரை முழுவதும் குழிக்குள் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இளம்பனை, அதன் பாரம் முழுவதும் தண்ணீர். ஐயா குழியின் விளிம்பில் குந்தியிருந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா கூப்பிட்டும் எழும்பவில்லை.

அதைப் பார்த்தவன் நான். வாய்க்கால் கரையில் நின்ற மரமோ, நிலவறையில் ஈரச்சுவர்ப் பக்கம் கிடந்த தடியோ தண்ணீராலேயே பாரமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? எழுதி முடித்துப் படியேறும்போதே அந்த எண்ணம் வந்தது. திரும்பிப் போய் அழித்திருக்கலாம். அவள் வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் "நான் சொன்னனான்தானே. நீங்கள் ரெண்டு பேரும் நான் சொல்லுறதைக் கேக்கிறேல்லை" என்று டொச்சில் கத்திவிட்டு அறைக் கதவைச் சாத்துவாள். அந்தக் கதவு அப்போது கொஞ்சம் திறந்திருந்த காலம். மரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததால் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

ஐந்து மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் காரில் ஏற்றிப் போனேன். செதுக்கிய சீவல் அவளுடைய தலைமயிரில் ஒட்டியிருக்கும். "லோமன் அம்மா என்ரை கையை ஆம்பிளையளின்ரை கையைவிட நல்லதெண்டு சொன்னவ" என்பாள். நான் "ஓம், ஓம்" என்பேன். நான் B எழுதிய தடி ஒவ்வொரு கிழமையும் மெலிந்துகொண்டு வந்தது. மலை உல்மவின் அளவில், ஒடுக்கமாக.

5

நிலவறையிலிருந்து மேலே வந்தேன். தாளும் பேனையும் மேசையில் இருந்தன. ஆரபி பாண் தின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு முதல் அம்பு விடுகிறவர்களில் இருந்துதான் கோடைகாலக் குழுவுக்கு ஆள் எடுப்பார்கள். பத்து இடம். இதைக் கிழமைக்கணக்காக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேனையை எடுத்தேன். பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதினேன் என்று நினைக்கிறேன். கை நின்றுவிட்டது.

"பிள்ளை, இது மலை உல்மவோ எண்டு எனக்குத் தெரியாது."

"என்ன?"

சொன்னேன். பூசை, மஞ்சள் தண்ணீர், பாரம் பார்த்தது, எழுதியது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடியும்வரை அவள் வாயில் இருந்த பாணை விழுங்கவில்லை.

வசந்திதான் முதலில் கதைத்தாள். "நான்தான் துடைச்சனான். எனக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னியளே எனக்கு?" அவளுக்கும் நான் அப்போதுதான் சொல்கிறேன்.

ஆரபி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. வில்லை எடுத்து, பிடியின் பக்கத்தில் இன்னும் செதுக்காமல் விட்டிருந்த இடத்தைத் திருப்பிக் காட்டினாள். என்னுடைய B அங்கே இருந்தது.

"இது என்ரை B இல்லையெண்டு எனக்கு முதல்நாளே தெரியும்" என்றாள். "நீங்கள் கீழை கோடு வைச்சுத்தான் எழுதுவியள். அழிஞ்சுபோகுதெண்டு என்ரை எழுத்துக்கு மேலாலை எழுதியிருக்கிறியளெண்டு நினைச்சன். நல்ல அப்பா எண்டு நினைச்சன்."

என்னை யாரும் இதைவிடக் கடுமையாக ஏசியதில்லை.

பிறகு அவள் எழும்பி வேலை செய்யத் தொடங்கினாள். நிலவறையிலிருந்து மற்றத் தடியைக் கொண்டுவந்தாள். அறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் புதுச் சவர அலகும். தடியின் முனையிலும் வில்லின் நுனியிலும் குறுக்காக மெல்லிய சீவல் எடுத்து, வெட்டுமுகத்தைக் கண்ணாடிபோல வழித்தாள். விரலைத் தண்ணீரில் தொட்டு நனைத்தாள். மரத்தை வெட்டினால் வட்ட வட்டமாக வருட வளையம் தெரியுமல்லவா? உல்மவில் ஒவ்வொரு வளையமும் தொடங்கும் இடத்தில் ஊசித் துவாரம்போலப் பெரிய துளைகள் நிற்கும். அதற்கு அடுத்து அலை அலையாக மெல்லிய கோடுகள். அது மூன்று சாதிக்கும் பொது. வித்தியாசம் அந்தப் பெரிய துளைகளில். மலை உல்மவில் அவை இரண்டு மூன்று வரிசையாக நெருங்கி நிற்கும். படபடக்கும் உல்மவில் பெரும்பாலும் ஒற்றை வரிசை.

முதலில் நிலவறைத் தடியைப் பார்த்தாள். பிறகு வில்லை. வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. எத்தினை வரிசை?"

குனிந்து வில்லின் நுனியைப் பார்த்தேன். என் மூச்சில் கண்ணாடி புகைத்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்தின் வாசலிலும் துளைகள், நூலில் கோத்த மணிபோல.

"ஒண்டு."

"மற்றதிலை?"

"ரெண்டு. சில இடத்திலை மூண்டு."

"சரி" என்றாள். மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்து "மலை உல்ம" என்பதை ஒரே கோட்டில் வெட்டினாள். அதன் மேலே ஒன்றும் எழுதவில்லை. அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்ட சத்தம் நான் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

6

சனிக்கிழமை காலை அவள் வந்து காரில் ஏறினாள். வில் மடியில். வசந்தி கட்டித் தந்த இடியப்பப் பார்சல் பின்சீற்றில் தனியாக வந்தது.

லோமன் அம்மா வில்லின் வெட்டுமுகத்தைத் தன் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவர் டொச்சில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "நுண்ணோக்கி இல்லாமல் நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா பிள்ளை பார்த்தது சரியெண்டுதான் நினைக்கிறன். இழுத்துப் பாப்பம்."

சுவரில் ஒரு கட்டை இருக்கிறது. வில்லின் பிடியை அதில் வைத்து, நாணில் கயிற்றைக் கொளுவி, கீழே ஒரு கப்பியால் எடுத்து, தூரத்தில் நின்று இழுக்கலாம். சுவரில் சென்ரிமீற்றர் குறித்திருக்கிறது. முறிந்தாலும் ஆளுக்கு ஒன்றும் நடக்காது. வகுப்பில் இருந்த இருபது பேரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள்.

கயிற்றை ஆரபி என்னிடம் தந்தாள். "நீங்கள் இழுங்கோ."

இழுத்தேன். நாற்பது. வில் அழகாக வளைந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், பூனை முதுகு வளைக்கிற மாதிரி. ஐம்பது. "மெதுவா" என்றார் லோமன் அம்மா. ஐம்பத்தைந்தில் "டிக்". சமையலறையில் கேட்ட அதே சத்தம். யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். என் உள்ளங்கையில் கயிறு வழுக்கியது. வேலையில் முப்பது மீற்றர் மரத்தைக் கயிறு கட்டிச் சாய்க்கிறவன் நான், அன்று ஒரு தடிக்காகக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். அறுபது. அறுபத்திரண்டு. முறிந்துபோ என்று மனதுக்குள் சொன்னேன். முறிந்தால் முடிவெடுக்கிற வேலை எனக்கு இல்லை. அறுபத்தைந்து. அவளுடைய முழு இழுவை அது.

முறியவில்லை.

விட்டேன். பின்னால் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். லோமன் அம்மா தட்டவில்லை. வில்லைக் கழற்றி வெளிமுகத்தை விரலால் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மயிரிழைபோல ஒரு கோடு. அது மரத்தின் இயற்கைக் கோடா, புதிய விரிசலா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இண்டைக்குத் தாங்கியிருக்கு" என்றார். "பத்து அம்புக்குத் தாங்குமோ, நூறுக்குத் தாங்குமோ, அடுத்ததுக்கே விடுமோ, எனக்குத் தெரியாது. மரத்தின்ரை பேரைச் சரியா எழுதினா என்ரை பக்கம் தடையில்லை. ஆனா பதினெட்டு வயது ஆகேல்லை. கையெழுத்து அப்பாவின்ரை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆரபி வெட்டிய இடத்துக்கு மேலே சரியான பெயரை எழுதினாள். தாளை என் முன்னால் வைத்தாள்.

"தாங்கினது அப்பா. நீங்களே இழுத்துப் பாத்தனீங்கள்" என்றாள் தமிழில், மெதுவாக. "இது இல்லாட்டி எனக்கு இந்த வருசம் குழுவிலை இடமில்லை. வைப்பீங்களோ?"

ஒரு கையெழுத்தில் அவள் என்னை மன்னித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுடைய இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு மச்சம் உண்டு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலாது பிள்ளை."

அவள் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. "அப்ப நான் ஏன் அம்பு விடேல்லை எண்டு நீங்களே இவைக்குச் சொல்லுங்கோ. டொச்சிலை. நான் சொல்லமாட்டன்."

பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். வேலைத்தலத்து டொச் வரும், கடை டொச் வரும். இருபது பேருக்கு முன்னால் நின்று பேசியது கிடையாது. சொன்னேன்: இரண்டு மரம் இருந்தது, எழுத்து அழிந்துவிட்டது, நான் பிழையாக எழுதிவிட்டேன், பிழை என்னுடையது, என் மகள் நன்றாகச் செய்தாள். சொல்லில் எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாடிக்காரர் என் தோளில் தட்டினார். "எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தாளை லோமன் அம்மாவிடம் கையெழுத்து இல்லாமலே கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டேன். ஆரபி இருக்கை வாரைக் கட்டவில்லை. முன்னால் பார்த்தபடி சொன்னாள்:

"பிழையா எழுதினனெண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"நீங்கள் பிழையா எழுதேல்லை அப்பா. தெரியாதெண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினனீங்கள். அது எல்லாருக்கும் நடக்கிறதில்லை."

கார் நின்ற இடத்திலிருந்து வகுப்பின் கதவு இருபது அடிகூட இல்லை. உள்ளே முதல் அம்புக்கு ஆட்கள் வரிசையாக நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. நான் இஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப் போனேன். கதவைத் திறந்ததும் லோமன் அம்மா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார், யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். தாடிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன். நான் முன்பு சொன்னது சரியில்லை. எது எந்த மரம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் எழுதினேன். ஐந்து மாதம் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். இந்த முறை யாரும் தோளில் தட்டவில்லை.

திரும்பினேன். ஆரபி காரை விட்டு இறங்கி வந்து கதவடியில் நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"சரி, வாங்கோ போவம்" என்றாள்.